ராத்திரி 2 மணிக்கு செமி ஃபைனல், காலையில 8.45க்கு பரீட்சை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். திரும்பச் சொன்னவை, இடையில் வந்த சிரிப்பு, ஹாரன் சத்தம் எல்லாம் நீக்கப்பட்டிருக்கின்றன.)

நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

2022 மே மாசம். செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ்னு ஒரு ஆன்லைன் செஸ் போட்டி. ஐரோப்பாக்காரங்க சாயங்காலம் உட்கார்ந்து பார்க்க வசதியா நேரம் வச்சதால, நம்ம ஊர்ல ஆட்டம் ஆரம்பிக்கும்போதே ராத்திரி. செமி ஃபைனல்ல பிரக்ஞானந்தா, நெதர்லாந்தோட அனிஷ் கிரியை டை பிரேக்ல ஜெயிச்சு முடிக்கும்போது மணி 2. அந்தப் பேட்டியில 16 வயசுப் பையன் கவலைப்பட்டது ஃபைனலைப் பத்தி இல்ல. காலையில 8.45க்கு ஸ்கூல்ல இருக்கணும், பதினொன்னாம் வகுப்புத் தேர்வு நடந்துட்டு இருக்கு, காமர்ஸ் பரீட்சை இருக்கு. அதுதான் அவனுக்குப் பெரிய விஷயமா இருந்தது.

அந்த வீடியோ அப்போ எல்லா குரூப்லயும் சுத்துச்சு. "என்ன பையன்டா!"ன்னு ஆச்சரியப்பட்டோம். சரிதான். ஆனா அந்த வீட்டோட டைம்டேபிளை யாரும் கேட்கல. மறுநாள் காலையில அவனை எழுப்பினது யாரு? டிபன் கட்டினது யாரு? அதே வீட்டுல இன்னொரு செஸ் பிளேயரும் இருக்காங்களே, அவங்களுக்கு அன்னிக்கு என்ன வேலை?

அந்த வீடு பாடியில. நம்ம ஏரியா. பாடி மேம்பாலம் இறங்கி சி.டி.எச். ரோட்டைப் பிடிச்சா அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடின்னு போய்க்கிட்டே இருக்கும்ல, அந்த ரோட்டோட தொடக்கம். அதனாலதான் இன்னைக்கு டாபிக் இது: டீனேஜ் பசங்க இருக்கிற வீட்டுல ஸ்கூல், டியூஷன், கிளாஸ், மேட்ச், பரீட்சை எல்லாம் ஒரே நாள்ல எப்படி ஓடுது, எங்க சிக்குது.

முதல்ல பாடி வீட்டுக் கதையையே பார்க்கலாம். வைஷாலி பிறந்தது 2001, பிரக்ஞானந்தா 2005. அக்கா சின்ன வயசுல டிவியில கார்ட்டூன் பார்த்துக்கிட்டே இருந்ததால, அதைக் குறைக்கத்தான் செஸ் கிளாஸ்ல சேர்த்தாங்க. உலகத்தரத்துல ஆள் ஆக்கணும்னு திட்டம் போட்டு இல்ல. நம்ம வீடுகள்ல அபாகஸ், கீபோர்டுன்னு சேர்க்கிறாங்களே, அதே காரணம். அக்கா ஆடுறதைப் பார்த்துத் தம்பியும் உட்கார்ந்துட்டான். அப்பா ரமேஷ்பாபுவுக்குக் கூட்டுறவு வங்கியில வேலை. ஒரு பிள்ளையோட போட்டிச் செலவே கை மீறிப் போனதால, ரெண்டாவது பிள்ளையை இதுல விடத் தயங்கினதா அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். அவருக்குச் சின்ன வயசுலேயே போலியோ பாதிப்பு. ஊர் ஊரா அலையறது சுலபம் இல்ல. அதனால அவர் பணம், திட்டம், டிக்கெட் பக்கம். அம்மா நாகலட்சுமி கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போறது, வெளியூர், வெளிநாடு எல்லாம். போற இடத்துக்கெல்லாம் ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போய், சாதமும் ரசமும் வச்சுக் கொடுத்தவங்க.

பிரக்ஞானந்தா 2016ல, 10 வயசுல இன்டர்நேஷனல் மாஸ்டர். 2018ல 12 வயசுல கிராண்ட்மாஸ்டர். 2023ல வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், உலகத்துலேயே முதல் முறையா அக்கா தம்பி ரெண்டு பேரும் கிராண்ட்மாஸ்டர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு இதுல தெரியறது வேற ஒரு கணக்கு: ரெண்டு பிள்ளைகளோட கேரியருக்காக ஒரு பெரியவரோட முழு நாளும் பல வருஷத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கு.

குகேஷ் வீட்டுலயும் அதேதான், ஆள்தான் வேற. அவர் அப்பா ரஜினிகாந்த், காது மூக்கு தொண்டை டாக்டர். பையனோட போட்டிகளுக்குக் கூடப் போறதுக்காக பிராக்டீஸை நிறுத்தினார். அம்மா பத்மகுமாரி, மைக்ரோபயாலஜிஸ்ட், அவங்க சம்பளத்துலதான் வீடு ஓடுச்சு. குகேஷ் நாலாம் வகுப்புக்கு மேல ரெகுலரா ஸ்கூலுக்கே போகல. படிச்சது மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் வித்யாலயா. அதுவும் நம்ம பக்கம்தான். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல 18 வயசுல உலக சாம்பியன்.

இந்த ரெண்டு வீட்டையும் காட்டி, "பாரு, அவங்க எல்லாத்தையும் மேனேஜ் பண்றாங்க, உன்னால முடியாதா?"ன்னு கேட்கிற அப்பா அம்மாக்கள் இருக்காங்க. அது தப்பான ஒப்பீடு. அவங்க எல்லாத்தையும் மேனேஜ் பண்ணல. ஒரு வீடு ஸ்கூலையே பெரும்பாலும் கைவிட்டுச்சு. இன்னொரு வீடு ஒரு அம்மாவை முழுநேரமா அதுக்கே கொடுத்துச்சு. ஒண்ணு கிடைக்க ஒண்ணைத் தெரிஞ்சே விட்டாங்க. நம்ம வீடுகள்ல எதையும் விடாம எல்லாத்தையும் வச்சுக்கணும்னு பார்க்கிறோம். சிக்கல் அங்கதான்.

போன மாசம் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பேர் வேண்டாம்னு சொன்னாங்க. பெரிய பொண்ணு பத்தாவது, ஸ்கூல் முகப்பேர்ல. பையன் எட்டாவது, உள்ளூர் ஸ்கூல். அக்காவுக்கு எஸ்டேட்ல ஒரு கம்பெனியில அக்கவுன்ட்ஸ் வேலை, 5 மணி வரைக்கும். அண்ணனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட். வீட்டுல ஒரே ஒரு ஸ்கூட்டி. "தம்பி, என் பசங்களுக்கு டைம் மேனேஜ்மென்ட் சொல்லிக்கொடுங்க, ராத்திரி ஆனா ரெண்டும் எரிஞ்சு விழுது"ன்னாங்க.

நான் அவங்க புதன்கிழமையை எழுதி அனுப்பச் சொன்னேன். இதோ அந்தப் புதன்கிழமை. 5 மணிக்கு ஆபீஸ்ல கிளம்பி வீடு, 20 நிமிஷம். பொண்ணை ஏத்திக்கிட்டு முகப்பேர் மேத்ஸ் டியூஷன், 25 நிமிஷம். திரும்ப வீடு, 25. பையனைத் திருமுல்லைவாயல் ஹிந்தி கிளாஸ்ல விட 15. அங்கேயிருந்து நேரா முகப்பேர், அந்த நேர டிராபிக்ல 35. பொண்ணோட வீடு, 25. மறுபடியும் திருமுல்லைவாயல் 15, பையனோட வீடு 15. கூட்டிப் பாருங்க, 175 நிமிஷம். டியூஷன் ஒண்ணேகால் மணி நேரம், ஹிந்தி ஒன்றரை மணி நேரம். ரெண்டு பிள்ளைகளும் சேர்ந்து படிச்சது 2 மணி 45 நிமிஷம். அக்கா வண்டியில இருந்தது 2 மணி 55 நிமிஷம்!

டைம் மேனேஜ்மென்ட் யாருக்கு வேணும்னு இப்போ நீங்களே சொல்லுங்க.

நான் சாஃப்ட்வேர் ஆள், அதனால எனக்கு இது உடனே வேற ஒண்ணா தெரியும். கம்ப்யூட்டர்ல மெமரி கொஞ்சமா இருந்து, ஓடுற புரோகிராம் நிறைய ஆயிட்டா, மெஷின் ஒண்ணை வெளியே எடுத்து வச்சு இன்னொண்ணை உள்ளே கொண்டு வரதுலயே நேரத்தை செலவு பண்ணும். ஃபேன் பயங்கரமா சுத்தும், பார்த்தா செம பிசி. ஆனா வேலை ஒண்ணும் நகராது. இதுக்குப் பேர் டிராஷிங். அப்போ புரோகிராமைத் திட்டி எந்தப் பிரயோஜனமும் இல்ல. ஓடுறதோட எண்ணிக்கையைக் குறைக்கணும், இல்லைன்னா மெமரியைக் கூட்டணும்.

பேக்டரியில வேலை பார்க்கிறவங்களுக்கு இதையே வேற மாதிரி சொல்லலாம். எலியாஹு கோல்ட்ராட் 1984ல எழுதின 'தி கோல்'னு ஒரு நாவல், பேக்டரி நிர்வாகம் பத்தினது, மேனேஜ்மென்ட் படிச்சவங்க கையில எடுக்காம இருந்திருக்க மாட்டாங்க. அதுல பசங்க வரிசையா மலையேறிப் போவாங்க. ஒரு பையன் மெதுவா நடப்பான், மொத்த வரிசையும் அவன் வேகத்துலதான் போகும். முன்னாடி இருக்கிறவன் எவ்வளவு வேகமா நடந்தாலும் எல்லாரும் போய்ச் சேருற நேரம் மாறாது. கடைசியில பார்த்தா அவன் பையிலதான் கனம் அதிகம். அந்தக் கனத்தை மத்தவங்க பிரிச்சு எடுத்துக்கிட்டதும் மொத்த வரிசையும் வேகமாயிடும்.

அக்கா வீட்டுல அந்த நெரிசல் ஸ்கூட்டிதான். ஸ்கூட்டின்னா அக்கா. பொண்ணு இன்னும் வேகமா ஹோம்வொர்க் முடிச்சாலும், பையன் இன்னும் சீக்கிரம் கிளம்பினாலும் அந்த 175 நிமிஷத்துல ஒரு நிமிஷம் குறையாது. அதனால, எந்த கிளாஸ் நல்ல கிளாஸ்ங்கிற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வச்சுட்டு, எந்த கிளாஸ் ஸ்கூட்டியைக் கேட்குதுன்னு பார்த்தோம்.

முதல் விஷயம் கண்ணு முன்னாடியே இருந்தது. பொண்ணோட ஸ்கூல் முகப்பேர், டியூஷனும் முகப்பேர். ஸ்கூல் வேன்ல வீட்டுக்கு வந்து, யூனிஃபார்ம் மாத்தி, காபி குடிச்சு, வந்த இடத்துக்கே திரும்பப் போகுது. ஏன் அங்கேயே இருக்கக் கூடாதுன்னு கேட்டேன். "பசிக்குமே தம்பி"ன்னாங்க. நியாயமான பதில். அப்போ தேவை இன்னொரு டிபன் பாக்ஸும், 4 மணியிலிருந்து 6 மணி வரை பாதுகாப்பா உட்கார ஒரு இடமும். கூடப் படிக்கிற பொண்ணு வீடு டியூஷன் பக்கத்துலேயே இருந்தது. அங்க ஹோம்வொர்க் வேற முடிஞ்சுடுது.

ரெண்டாவது, பையனோட ஹிந்தி. அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயல். ஒரே ஸ்டாப். மின்சார ரயில்ல குறைஞ்சபட்ச டிக்கெட் 5 ரூபாய். 13 வயசுப் பையன் போகலாமா? அக்காவுக்கு பயம். முதல் ரெண்டு வாரம் அண்ணன் லீவு நாள்ல கூடப் போய்க் காட்டினார்: எந்தப் பக்கம் இறங்கணும், தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கவே கூடாது, படிக்கட்டுலதான் ஏறிப் போகணும். இப்போ தனியா போறான். கொஞ்சம் கெத்தாவும் போறான்னு கேள்வி.

இப்போ புதன்கிழமை அக்காவுக்கு 20 பிளஸ் 25 பிளஸ் 25, மொத்தம் 70 நிமிஷம். தோழியோட அம்மாவும் இவங்களும் மாத்தி மாத்திக் கூட்டிட்டு வந்தா, அதுவும் ஒரு வாரம் 70, ஒரு வாரம் 20. ஒரு கிளாஸைக் கூட நிறுத்தல, கவனிச்சீங்களா.

எல்லா ஏரியாவுக்கும் இது பொருந்தாது. கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி, இந்து காலேஜ், பட்டாபிராம்னு ரயில் லைன்ல இருக்கிறவங்களுக்கு டீனேஜ் பிள்ளைகளை மெதுவா வண்டியிலிருந்து இறக்கி விடலாம். பூந்தமல்லிக்காரங்களுக்கு மின்சார ரயில் கிடையாது. 2021லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைங்கிறது பொண்ணுங்க இருக்கிற வீட்டுக்கு ஒரு உதவி. ஆனா மழைக்காலத்துல, லைட் எரியாத சர்வீஸ் ரோட்டுல, ராத்திரி 8 மணிக்கு ஒரு பொண்ணைத் தனியா வரச் சொல்ல முடியாது. அங்க கிளாஸை வீட்டுக்கு நடக்கிற தூரத்துக்குக் கொண்டு வரதுதான் வழி. பேர் பெத்த சார்கிட்ட அரை மணி நேரம் பயணம் பண்ணிப் போறதை விட, தெருக்கோடியில சுமாரான மிஸ்கிட்ட படிக்கிறது பல வீட்டுக்கு மேல்னு நான் நினைக்கிறேன். இதுக்குக் கமென்ட்ல அடி விழும்னு தெரியும்.

சரி, பயணத்தைக் குறைச்சாச்சு. இனி பசங்களோட 24 மணி நேரம். 7.15க்கு வேன் ஏறி, 4.45க்கு இறங்கினா ஒன்பதரை மணி நேரம் போச்சு. தூக்கத்துக்கு 8 மணி நேரம் வைங்க. மீதி ஆறரை. குளியல், சாப்பாடு, கொஞ்சம் போன், கொஞ்சம் சும்மா இருக்கிறதுன்னு 2 மணி நேரம். மீதி நாலரை. ஹோம்வொர்க் 2. மீதி ரெண்டரை. டியூஷன் ஒன்றரை. மீதி 1 மணி நேரம். பேட்மின்டனோ பரதநாட்டியமோ, போக வர நேரத்தோட ஒன்றரையிலிருந்து ரெண்டு மணி நேரம் கேட்கும். கணக்கு மைனஸ்ல போகுது. மைனஸை எங்கே சரிக்கட்டுவாங்க? தூக்கத்துலதான். வேற எதுவும் வாயைத் திறந்து எதிர்க்கும், தூக்கம் மட்டும் அந்த நேரத்துல எதிர்க்காது. ரெண்டு நாள் கழிச்சு எரிஞ்சு விழும்.

13லிருந்து 18 வயசு வரைக்கும் 8லிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேணும்னு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016ல சொல்லியிருக்கு. அதாவது நான் மேல போட்ட 8 மணி நேரமே குறைஞ்சபட்சம். இன்னொரு விஷயம் நம்ம வீடுகள்ல நம்ப மாட்டாங்க: வயசுக்கு வரும்போது உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரமே பின்னால தள்ளிப் போகுது. தூக்கம் வர வைக்கிற மெலடோனின், சின்னப் பிள்ளைகளை விடவும் பெரியவங்களை விடவும் அவங்களுக்கு லேட்டா சுரக்கும். ராத்திரி 11 மணிக்குத் தூக்கம் வரல, காலையில 5 மணிக்கு எழுப்பினா எழுந்திருக்கல்லைன்னா அதுல முக்கால்வாசி சோம்பேறித்தனம் இல்ல, உடம்பு. இதனாலதான் அங்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014ல, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னாடி ஆரம்பிக்கக் கூடாதுன்னு பரிந்துரை பண்ணுச்சு. கலிபோர்னியா மாநிலம் அதைச் சட்டமாவே போட்டு, 2022 ஜூலையிலிருந்து நடைமுறையில இருக்கு.

"காலையில 4 மணிக்கு எழுந்து படிச்சா அப்படியே மனசுல நிக்கும்"னு நம்ம பாட்டி, தாத்தா எல்லாரும் சொல்லுவாங்க. 9 மணிக்குப் படுக்கிற வீட்டுல அது சரி. 8.15க்கு டியூஷன் முடிஞ்சு வந்து, 11.30க்குப் படுத்து, 4 மணிக்கு எழுந்திருச்சா நாலரை மணி நேரம். படிச்சது மனசுல பதியறதே தூக்கத்துலதான். பிரக்ஞானந்தா 2 மணிக்கு முடிச்சு பரீட்சைக்குப் போனது ஒரு செமி ஃபைனல் நாள். அதை ஒரு மார்கழி முழுக்க பண்ணச் சொல்லக் கூடாது.

அப்போ எதை விடறது? நம்ம ஊர்ல இதுக்கு ரெடிமேட் பதில் உண்டு: பத்தாவது வந்தாச்சு, விளையாட்டை நிறுத்து, டான்ஸை நிறுத்து. அதோட எதிர்வாதமும் ரெடிமேட்: ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கே. ரெண்டையும் கொஞ்சம் சோதிக்கலாம்.

இன்ஜினியரிங் கவுன்சலிங்ல கட் ஆஃப் 200க்கு. மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. மூணுமே பன்னிரண்டாம் வகுப்பு மார்க். பத்தாவது மார்க் கட் ஆஃப்ல வராது. பதினொன்னாவதுக்கு 2017-18ல கொண்டு வந்த பொதுத்தேர்வும் 2025-26லிருந்து கிடையாது. ஆக, மூணு வருஷத் தொடர் பொதுத்தேர்வுன்னு இருந்தது இப்போ இல்ல. பத்தாவதுல தொடங்கி மூணு வருஷம் விளையாட்டை மூட்டை கட்டி வைக்க இதுல எந்தக் காரணமும் எனக்குத் தெரியல. நீட் பண்ணுறவங்க கணக்கு வேற, அதைத் தனி எபிசோடா வச்சுக்கலாம்.

கோட்டா பக்கம் பார்த்தா, கவுன்சலிங்ல விளையாட்டு வீரர்களுக்குன்னு 500 இடம் இருக்கு. தமிழ்நாடு முழுக்க 500. மாநில, தேசிய அளவுல ஆடினவங்க வரிசையில நிப்பாங்க. அபார்ட்மென்ட் கோர்ட்ல வாரம் மூணு நாள் பேட்மின்டன் ஆடுற பையனுக்கு அது கிடைக்காது. நேராவே சொல்லிடுங்க. அவன் ஆடறது வேர்வை சிந்த, பிரெண்ட்ஸைப் பார்க்க, அந்த ஒரு மணி நேரம் யாரும் மார்க் போடாம இருக்க. அதுவே போதுமான காரணம்னு நான் நினைக்கிறேன்.

எனக்குப் பிடிச்ச வழி, நிறுத்தறதுக்குப் பதிலா இடைவேளை விடறது. ஹிந்தி பிரசார சபா பரீட்சை பிப்ரவரி, ஆகஸ்ட்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது. பத்தாவது வருஷத்துல பிப்ரவரியை விட்டுட்டு ஆகஸ்ட்ல எழுதினா பிராத்மிக், மத்யமா எங்கேயும் ஓடிப் போயிடாது. இடைவேளை விட்டா சேதம் இல்லாத கிளாஸை விட்டுட்டு, விட்டா உடம்பும் கையும் மறந்துடற ஒண்ணை மட்டும் வாரம் ரெண்டு நாளாவது வச்சுக்கலாம். எது அந்த ஒண்ணுன்னு பிள்ளைகிட்ட கேளுங்க. அக்காவோட பொண்ணு மேத்ஸ் டியூஷனைச் சொல்லிடுவான்னு நினைச்சாங்க. அவ டான்ஸை வச்சுக்கிட்டு, சனிக்கிழமை போயிட்டிருந்த கீபோர்டை விட்டா. கீபோர்டு அம்மாவோட ஆசையாம். ரெண்டு வருஷமா ஃபீஸ் கட்டியிருக்காங்க!

கடைசியா ஒரு நம்பர். 2024ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பெண்கள் ஒரு நாளைக்கு அதுக்குச் செலவழிக்கிற நேரம் சராசரி 289 நிமிஷம். ஆண்கள் 88. 2019ல அது 299, 97. அஞ்சு வருஷத்துல ரெண்டு பக்கமும் 10 நிமிஷம் போலக் குறைஞ்சிருக்கு, இடைவெளி அப்படியே இருக்கு. இதுக்கு மேலே, யாருக்கு எந்த நாள் எந்த கிளாஸ், ஃபீஸ் எப்போ, யூனிஃபார்ம் துவைச்சாச்சான்னு மண்டைக்குள்ள ஓடுற பட்டியலை எந்த சர்வேயும் நிமிஷத்துல அளக்க முடியாது. 2023ல பாகுவுல உலகக் கோப்பை நடந்தப்போ, ஓரமா நின்னு மகனைப் பார்த்துக்கிட்டிருந்த நாகலட்சுமி போட்டோ வைரல் ஆச்சு. அப்போதான் நாடே அவங்களைப் பார்த்துச்சு. பத்து வருஷத்துக்கு மேல அவங்க அப்படித்தான் நின்னுக்கிட்டிருந்தாங்க.

அக்கா வீட்டுல நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, அந்தப் பட்டியலை மண்டையிலிருந்து இறக்கி ஃபிரிட்ஜ் மேல ஒட்டச் சொன்னேன். ஒவ்வொரு பயணத்துக்கும் நேரா யார் பேர்னு எழுதணும். எழுதி முடிச்சதும் அண்ணன் பார்த்துட்டு, ஷிப்ட் இல்லாத நாள் முகப்பேர் டிரிப்பை எடுத்துக்கிட்டாராம். யாரும் கேட்கல, சண்டையும் வரல. திங்கட்கிழமை காலை டிபன் மட்டும் இன்னும் அக்கா பேர்லயே இருக்குன்னு போன வாரம் மெசேஜ் வந்தது.

உங்க வீட்டுப் புதன்கிழமையையும் எழுதி அனுப்புங்க. எந்த ஏரியா, வீட்டுல எத்தனை வண்டி, யார் ஓட்டறாங்க, அது போதும், பேர் வேண்டாம். பூந்தமல்லி, திருவேற்காடு பக்கம் இருக்கிறவங்க கண்டிப்பா அனுப்புங்க, பஸ் கணக்கைத் தனியா போட்டுப் பார்க்கணும்.